நெல்லுமியும் லென்ஸ் பெட்டியும்: ஒரு பூஞ்சை, இரு வழிகள்

2005 மார்ச் முதல் 2006 மே வரையிலான காலத்தில் சிங்கப்பூர்க் கண் மருத்துவர்கள் 66 பேரின் கண்களில் ஒரே வகைத் தொற்றைக் கண்டனர். தொற்று கருவிழியைப் பற்றியிருந்தது. அதை உண்டாக்கியது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை. அந்த 66 பேரில் 65 பேர் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள். அவர்களின் சராசரி வயது 27. ஃபியூசேரியம் மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை. மதுரையின் கண் மருத்துவர்களுக்கு அது நெடுநாள் பழக்கமானது. வயலில் வேலை செய்து, கண்ணில் தூசோ தாளோ பட்டு வருபவரின் கருவிழியில் அவர்கள் ஆண்டுதோறும் பார்ப்பது. வயலே இல்லாத ஒரு நகரத்தில், அடுக்குமாடி வீட்டின் குளியலறை அலமாரிக்கு அப்பூஞ்சை எப்படி வந்து சேர்ந்தது?

விடையின் ஒரு பகுதி அவ்வாண்டின் விசாரணை அறிக்கைகளில் இருக்கிறது. பெரும்பகுதி கான்டாக்ட் லென்ஸின் ஏறத்தாழ 140 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு பொதுவாகப் பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது: முதலில் கண்ணாடி, பிறகு பிளாஸ்டிக், பிறகு நீருறிஞ்சும் பிளாஸ்டிக், கடைசியாகச் சிலிக்கோன் கலந்தது. ஆனால் கருவிழியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. லென்ஸ் அணிவதை எளிதாக்கிய ஒவ்வொரு மாற்றமும் பராமரிப்பில் ஏதோ ஒரு படியைக் குறைத்தது. குறைந்த அந்தப் படியின் வழியாகவே அடுத்த நோய் நுழைந்தது.

கருவிழி என்று நாம் பேச்சில் சொல்வது, கறுத்துத் தெரியும் பகுதியின்மேல் மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தையும் சேர்த்துத்தான். மருத்துவர்கள் கார்னியா என்பது அப்படலத்தையே. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தெளிவாக ஊடுருவாது. இரத்தம் கொண்டுவர வேண்டிய ஆக்சிஜனை அது கண்ணீர்ப் படலத்தின் வழியே நேரடியாகக் காற்றிலிருந்து பெறுகிறது. கண்ணை மூடி உறங்கும்போது அந்த அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கண்ணீரும் இமைத்தலும் சேர்ந்து தூசையும் நுண்ணுயிர்களையும் இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. இந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு வில்லையை வைத்தால் காற்றும் தடைப்படும், கழுவுதலும் தடைப்படும். கான்டாக்ட் லென்ஸின் மருத்துவச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரு தடைகளிலிருந்தே தொடங்குகின்றன.

இது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. 1880களின் இறுதியில் சூரிச்சில் பணியாற்றிய அடால்ஃப் ஃபிக், கண்ணின் வெண்பகுதிவரை பரவி உட்காரும் கண்ணாடி ஓடுகளைச் செய்வித்தார். முதலில் முயல்களின் கண்களில் வைத்துப் பார்த்தார். பிறகு தம் கண்ணில். அதன் பிறகே நோயாளிகளின் கண்ணில். சில மணிநேரத்தில் கருவிழி மங்குவதை அவர் கண்டு, பதிந்து வைத்தார். அதே காலத்தில் பாரிஸில் யூஜின் கால்ட் இத்தகைய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1889இல் கீல் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முல்லர் என்ற இளைஞர் இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மிகக் கடுமையான கிட்டப்பார்வை கொண்ட அவர், தமக்கெனச் செய்த லென்ஸை உணர்விழப்பு மருந்தின் துணையோடும் அரைமணி நேரத்துக்குமேல் தாங்க முடியவில்லை. பின்னாளில் அவர் கண் மருத்துவத்தை விட்டு எலும்பு மருத்துவத்துக்குச் சென்றுவிட்டார். தொடக்ககால லென்ஸ் கண்ணைப் பெரிதும் கெடுக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், அதை நெடுநேரம் அணிய யாராலும் இயலவில்லை என்பதே. வலியே அன்று பராமரிப்பு விதியாக இருந்தது.

வலி குறையக் குறைய அந்த இயற்கையான விதியும் தளர்ந்தது. 1930களில் கண்ணாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடிக்கத் தொடங்கியது. 1948இல் கலிபோர்னியாவின் கெவின் டூஹி, கருவிழியின்மேல் மட்டும் உட்காரும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸை உருவாக்கினார். 1952இல் ஸ்மெல்ஸர், ஓசானிக்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள், கருவிழி தெளிவாக இருப்பதற்குக் காற்றின் ஆக்சிஜன் இன்றியமையாதது என்பதைச் சோதனையால் நிறுவினர். ஃபிக் கண்ட மங்கலுக்கு அப்போதுதான் சரியான விளக்கம் கிடைத்தது. அன்றைய பிளாஸ்டிக்கின் ஊடாக ஆக்சிஜன் செல்லாது. ஆனால் அந்தக் கடின லென்ஸ் ஒவ்வோர் இமைப்பிலும் சற்றே நகரும்; அதன் அடியில் புதுக் கண்ணீர் புகும். கழுவுதல் முற்றாக நிற்கவில்லை.

1961 கிறிஸ்துமஸ் நாள்களில் பிராக் நகரத்தில் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் மெர்குர் விளையாட்டுப் பொருத்துப் பாகங்களையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு தாமே ஒரு கருவியை அமைத்து, நீருறிஞ்சும் மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து லென்ஸ்களை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய லென்ஸின் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. மென்மையான லென்ஸ் கண்ணில் உறுத்தாது. பழக நாள்கள் தேவையில்லை. அது மருத்துவத் தேவை என்ற நிலையிலிருந்து அன்றாடப் பொருள் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் நீரை உறிஞ்சும் பொருள், நீரில் உள்ளதையும் சேர்த்தே ஏற்கும். கடின லென்ஸைத் துடைத்துக் கழுவி வைத்த காலம் போய், ஒவ்வோர் இரவும் கிருமிநீக்கம் செய்தாக வேண்டிய காலம் வந்தது. லென்ஸ் மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. அதன் உயிர்ப்பாதுகாப்பு வீட்டின் கைகழுவும் தொட்டிக்கு இடம்பெயர்ந்தது.

முதல் எச்சரிக்கை தண்ணீரிலிருந்து வந்தது. அகந்தமீபா என்பது மண்ணிலும் குழாய்நீரிலும் குளத்திலும் சாதாரணமாக வாழும் ஒற்றைச்செல் உயிரி. சூழல் பாதகமாகும்போது இரட்டைச் சுவருள்ள உறைக்குள் ஒடுங்கி, குளோரினையும் தாங்கும். கருவிழியில் அது உண்டாக்கும் புண் தோற்றத்தை மீறிய வலி தருவது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். 1970களில் அறியப்பட்ட முதல் நோயாளிகளுள் ஒருவர் கண்ணில் அடிபட்ட டெக்சாஸ் பண்ணையாளர். அப்போது அது அரிதினும் அரிதான நோய். 1980களின் நடுவில் அமெரிக்காவில் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் லென்ஸ் அணிபவர்கள். உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே கரைசல் தயாரிக்கும் வழக்கம் அவர்களிடையே மிகுந்திருந்தது. சில காசு மிச்சப்படுத்திய வழக்கம் சிலருக்குப் பார்வையைச் செலவாக்கியது.

இதே அகந்தமீபா 1990இல் மதுரையிலிருந்து வேறு விதமாக எழுதப்பட்டது. சாவித்திரி சர்மா, எம். சீனிவாசன் ஆகியோர் உள்ளிட்ட குழு, லென்ஸே அணியாதவர்களிடம் இந்நோயைக் கண்டு வெளியிட்டது. மேற்கில் லென்ஸின் நோயாகக் கருதப்படத் தொடங்கியிருந்த ஒன்று, இங்கே மண்ணின் நோயாகவும் நீரின் நோயாகவும் இருந்தது. டெக்சாஸ் பண்ணையாளரின் கதையும் இதனுடன் சேர்வதே. லென்ஸ் புதிய கிருமி எதையும் உலகுக்குக் கொண்டுவரவில்லை. மண்ணிலும் நீரிலும் இருந்த கிருமிக்குக் கருவிழிவரை ஒரு பாதை போட்டுக் கொடுத்தது.

மதுரையின் சான்றுகள் இங்கே விரிவாகப் பேசத்தக்கவை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கருவிழிப் புண் குறித்து உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் தரவுகளைத் தந்த நிறுவனம். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது சம்பா அறுவடையும் கதிரடிப்பும் நிகழும் மாதங்களை உள்ளடக்கிய காலத்தில், அங்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவர்களுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 மாதிரிகளில் பாக்டீரியா மட்டும் கண்டவை 140. பூஞ்சை மட்டும் கண்டவை 139. பூஞ்சைகளுள் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. ஏறத்தாழ பாதி அதுவே. 1993ஆம் ஆண்டுக்கான மற்றொரு கணக்கீட்டின்படி மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர்.

அந்த எண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 1950களில் லட்சத்துக்கு 2.5 ஆக இருந்த கருவிழித் தொற்று, 1980களில் 11 ஆக உயர்ந்தது. செல்வமும் மருத்துவமும் வளர்ந்த முப்பது ஆண்டுகளில் ஒரு தொற்றுநோய் நான்கு மடங்குக்குமேல் பெருகியது விந்தையாகத் தோன்றலாம். ஆய்வாளர்கள் சுட்டிய முதன்மைக் காரணம் கான்டாக்ட் லென்ஸ்.

அந்த 1980களில் லென்ஸ் நிறுவனங்களின் பெரிய வாக்குறுதி, கழற்றவே தேவையில்லை என்பது. 1981இல் அமெரிக்காவில் 30 நாள்வரை தொடர்ந்து, உறக்கத்திலும் அணியக்கூடிய மென்மையான லென்ஸ்கள் ஒப்புதல் பெற்றன. இரவில் கழற்றிக் கழுவும் வேலை மிச்சம். 1989இல் வெளியான இரு ஆய்வுகள் அதன் விலையைக் கணக்கிட்டன. பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் அணிபவருள் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.1 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர். தொடர்ந்து அணியும் வகையைப் பயன்படுத்தியவருள் 20.9 பேர். அவ்வாண்டே 30 நாள் என்ற உச்சவரம்பு 7 நாளாகக் குறைக்கப்பட்டது.

இவ்வெண்களை மதுரையின் அளவுக்கு மாற்றிப் பார்க்கலாம். லட்சத்துக்கு என்று எழுதினால் பகலில் மட்டும் அணிபவர்க்கு 41. தொடர் அணிபவர்க்கு 209. கதிரறுப்பும் கரும்பு வெட்டும் முள்வேலியும் நிறைந்த மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு 113. ஆய்வுமுறைகள் வேறு, ஒரு பக்கம் லென்ஸ் அணிபவர் மட்டும், மறுபக்கம் ஊர் மக்கள் அனைவரும். ஆகவே இவற்றைத் துல்லியமாக ஒப்பிட இயலாது. ஆயினும் அளவின் பருமன் தெளிவு. லென்ஸோடு உறங்குபவர் தம் கருவிழியை, ஓர் உழவர் மாவட்டத்தின் சராசரி மனிதர் எதிர்கொள்ளும் ஆபத்துக்குக் குறையாத ஆபத்தில் தாமே வைக்கிறார்.

உறக்கத்தின் சிக்கல் ஆக்சிஜன் குறைபாடுதான் என்று நம்பியவர்கள் பொருளை மாற்றினர். 1990களின் இறுதியில் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்தன. அவற்றின் ஊடாக ஆக்சிஜன் பலமடங்கு செல்லும். கண் சிவத்தல், கருவிழி வீங்குதல், விளிம்பில் இரத்தக் குழாய்கள் வளர்தல் ஆகியவை உண்மையிலேயே குறைந்தன. 2001இல் 30 இரவு அனுமதி மீண்டும் வந்தது. ஆனால் 2008இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, உறக்கத்தில் அணிபவருள் பத்தாயிரத்துக்குப் பழைய மென்மையான லென்ஸுக்கு 19.5 என்றும் சிலிக்கோன் வகைக்கு 25.4 என்றும் கண்டது. காற்றுத் தடை நீங்கியபின்னும் தொற்று குறையவில்லை. மூடிய இமைக்குள் கழுவுதல் நின்றுபோவதும், லென்ஸில் ஒட்டிய நுண்ணுயிர்கள் அங்கேயே தங்குவதும் அப்படியே இருந்தன. அதே ஆய்வில், நாள்தோறும் எறிந்துவிடும் லென்ஸ் அணிந்தவர்களிடமும் தொற்று அரிதாகிவிடவில்லை. ஆனால் அவர்களிடம் தொற்று பார்வையிழப்பில் முடிவது குறைவாக இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் சிங்கப்பூரின் 66 பேரை மீண்டும் பார்க்க வேண்டும். அவர்களுள் 62 பேர் பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் ரெனியூ வரிசைத் திரவங்களைப் பயன்படுத்தியவர்கள். அந்த 62 பேருள் 42 பேர் மாய்ஸ்சர்லாக் என்னும் வகையைப் பயன்படுத்தியவர்கள். 2006 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ரெனியூ விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 164 நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டனர். மே மாதத்தில் மாய்ஸ்சர்லாக் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. விசாரணையில் திறக்கப்படாத புட்டிகளில் ஃபியூசேரியம் கிடைக்கவில்லை. பூஞ்சை ஆலையிலிருந்து வரவில்லை. அணிபவரின் வீட்டில் சேர்ந்தது. ஈரப்பதத்தைக் காக்கச் சேர்க்கப்பட்ட பொருள்கள், திரவம் வற்றும்போது பிசுபிசுத்த படலமாகிப் பூஞ்சைக்குக் காப்பாக அமைந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டின. பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன்மேலேயே புதியதை ஊற்றுவது, திறந்தபடி விட்ட லென்ஸ் பெட்டி ஆகியவை இந்நிலைக்கு உதவுபவை.

அக்காலத்தின் பல லென்ஸ் திரவங்கள் தேய்க்கத் தேவையில்லை என்ற வாசகத்தோடு விற்கப்பட்டன. லென்ஸை உள்ளங்கையில் வைத்து விரலால் சில நொடி தேய்ப்பது அற்பச் செயலாகத் தெரியும். ஆனால் நுண்ணுயிர்கள் மேற்பரப்பில் கூட்டமாக ஒட்டி, தாமே சுரக்கும் பசையால் போர்த்திக்கொள்கின்றன. அப்படலத்துக்குள் மருந்து எளிதில் புகாது. பாத்திரத்தில் ஒட்டிய சோற்றைத் தண்ணீரில் ஊறவைப்பதும் தேய்த்துக் கழுவுவதும் ஒன்றாகாது என்பதை வீட்டில் எவரும் அறிவர். 2006க்குப் பின் கண் மருத்துவ அமைப்புகளும் ஒழுங்குமுறை நிறுவனங்களும் தேய்த்தலை மீண்டும் வலியுறுத்தின. 2007இல் மற்றொரு நிறுவனத்தின் திரவம் அகந்தமீபாத் தொற்றின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டபோது அப்பாடம் உறுதிப்பட்டது.

நோய் வயலிலிருந்து குளியலறைக்குச் சென்றது போலவே, அதன் சிகிச்சை அறிவும் வயல்சார்ந்த ஊர்களிலிருந்தே கணிசமாக வந்தது. பூஞ்சைப் புண்ணுக்கான நட்டமைசின் என்னும் சொட்டு மருந்து, 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது, பெயரும் அவ்விடத்தினதே. பிறகு வந்த புதிய, விலைமிகுந்த வோரிக்கோனசோல் அதைவிடச் சிறந்ததா என்ற கேள்வி எழுந்தது. அரவிந்த் மருத்துவமனைகளும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் இணைந்து 323 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. பழைய நட்டமைசினே மேலானது. ஃபியூசேரியம் தொற்றில் அவ்வேறுபாடு மிகத் தெளிவு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் அம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரிலோ சிகாகோவிலோ லென்ஸ் பெட்டியிலிருந்து பூஞ்சை ஏறிய ஒரு மாணவிக்கு இன்று எந்தச் சொட்டு மருந்து முதலில் தரப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்த சான்று, பெரும்பாலும் தமிழ்நாட்டின் எளிய மக்களின் கண்களிலிருந்து வந்தது.

லென்ஸின் பயனை மறுப்பது இவ்வரலாற்றின் பொருளாகாது. கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோயில் மூக்குக்கண்ணாடி உதவாத நிலையில், ஆக்சிஜன் புகும் கடின லென்ஸே பலருக்குப் பார்வையை மீட்டுத் தருகிறது. ஃபிக் செய்ததைப் போல வெண்பகுதியில் அமரும் பெரிய லென்ஸ், புதிய பொருளில் மீண்டு வந்து, கண்ணீர் வற்றியவர்களுக்கும் வெந்த கருவிழி உள்ளவர்களுக்கும் துணையாகிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா சார்ந்து 1985இல் தொடங்கிய எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி போன்ற நிறுவனங்கள், லென்ஸ் பொருத்துவதைத் தனிப் பயிற்சியாக வளர்த்தன. அத்தகைய இடங்களில் கண்ணை அளப்பதும், அணியவும் கழற்றவும் கற்பிப்பதும், குறித்த நாளில் மீண்டும் வரச்செய்து பார்ப்பதும் ஒரே வேலையின் பகுதிகள். கல்யாண ஒப்பனைக்காக வாங்கும் வண்ண லென்ஸில் அவ்வேலை முழுவதும் விடுபடுகிறது. பெண்ணுக்குப் பெண் அது கைமாறுவதும் உண்டு. பார்வைக் குறையைத் திருத்தாத லென்ஸும் கருவிழிக்கு அதே தடையைத்தான் வைக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு மொழிப் பின்னணியும் உண்டு. கண்ணாடி போடுகிறோம், லென்ஸும் போடுகிறோம். வளையல் போடுவதும் அதே வினை. புண்ணுக்கு மருந்து போடுவதும் அதே வினை. லென்ஸ் நம் வழக்கில் கண்ணாடி, வளையல் ஆகியவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆகவே கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பவர் லென்ஸைக் குழாய்நீரில் அலசுகிறார். உயிருள்ள படலத்தின்மேல் வைக்கப்படும் பொருள் என்ற வகையில் அது மருந்தின் வரிசையில் சேர வேண்டியது. கருவிழிப் புண் ஆறியபின் எஞ்சும் வெண்தழும்பைத் தமிழ் ‘கண்ணில் பூ விழுதல்’ என்கிறது. அச்சொல், லென்ஸால் வந்த தழும்புக்கும் மாற்றமின்றிப் பொருந்தும்.

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளி போன்ற ஊர்களில் இன்று இவ்விரு வழிகளும் ஒரே வீட்டில் சந்திக்கலாம். பெற்றோர் நிலத்தில் வேலை செய்ய, பிள்ளைகள் மைசூருவிலும் பெங்களூருவிலும் விடுதிகளில் தங்கி, லென்ஸ் அணிந்து படிக்கிறார்கள். இருவர் கண்ணும் சிவந்து, வலித்து, வெளிச்சத்துக்குக் கூசினால், செய்ய வேண்டியது ஒன்றே. வீட்டு வைத்தியமோ, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ பூஞ்சைக்கு இரை போடுவதாகும். அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். லென்ஸ் அணிந்தவர் முதலில் அதைக் கழற்றி, பெட்டியோடு எடுத்துச் செல்வது நல்லது. கிருமியைக் கண்டறிய அது உதவும்.

மற்றவை வரலாறு ஏற்கெனவே எழுதி வைத்தவை. கையைச் சோப்பால் கழுவித் துடைத்தபின் லென்ஸைத் தொடுதல் வேண்டும். குழாய்நீரும் எச்சிலும் லென்ஸில் படலாகாது என்பதை 1980களின் அகந்தமீபா நோயாளிகள் கற்பித்தனர். லென்ஸோடு உறங்கலாகாது என்பதை 1989இன் எண்கள் கற்பித்தன. விரலால் தேய்த்துக் கழுவுதல், நாள்தோறும் புதுத் திரவம், பெட்டியைக் காலிசெய்து கவிழ்த்து உலர்த்துதல், அப்பெட்டியையே சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுதல் ஆகியவற்றை 2006 கற்பித்தது. இவ்விதிகளில் ஒவ்வொன்றும் யாரோ சிலரின் கண்ணில் பூ விழுந்தபின் எழுதப்பட்டது. லென்ஸ் திரவப் புட்டியோடு வரும் மடித்த தாளில் அவை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன.